‘தந்தையின் கருத்து’ என்று ஒரு கட்டம்

இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து படிவம் நிரப்புவதுதான் என் வேலையாக இருந்தது. வீட்டில் ஒருவர் இறந்துபோயிருப்பார், அல்லது விட்டுவிட்டுப் போயிருப்பார், அல்லது படுத்த படுக்கையாகக் கிடப்பார். அந்த வீடுகளுக்குப் போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, மூன்று நேரமும் சாப்பிடுகிறார்களா, கூரை ஒழுகுகிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். நான் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் அந்தக் குடும்பத்துக்கு உதவி வரும், அல்லது வராமல் போகும். குளச்சலில் வலைக் குவியல்மேல் உட்கார்ந்தும் எழுதியிருக்கிறேன். மயிலாடியில் கல்பொடி பறக்கிற பட்டறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றும் எழுதியிருக்கிறேன். போன இடமெல்லாம் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஒரு நாளும் டீச்சராக இருந்ததில்லை. தோளில் பையும் கையில் நோட்டுமாக வருகிற பெண்பிள்ளை எங்கள் மாவட்டத்தில் டீச்சர்தான், வேறு யாராக இருக்க முடியும்?

எங்கள் படிவத்தில் அம்மாவுக்கு ஒன்றரைப் பக்கம் உண்டு. அவள் உடம்பு, படிப்பு, கைத்தொழில், சேமிப்பு, மனநிலை எல்லாம் கேட்டு எழுத வேண்டும். அப்பாவுக்கு இரண்டே கட்டம். ஒன்றில் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று டிக் அடிக்க வேண்டும். இன்னொன்று ‘தந்தையின் கருத்து’. அது ஒரு விரல் அகலம் இருக்கும். அந்த ஒரு விரல் அகலத்தில் நான் எழுதிய ஒரு வரியைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன். சொல்லாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

முதலில் எங்கள் அலுவலகத்தைச் சொல்ல வேண்டும். அம்மாக்கள் வந்தால் நேராக உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள், தண்ணீர் கேட்பார்கள், அழுவார்கள், என்னோடு சண்டை போடுவார்கள். அப்பாக்கள் உள்ளே வரமாட்டார்கள். பைக் நிறுத்துகிற இடத்தில், யாருடைய வண்டியோ ஒன்றின் சீட்டில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். யாராவது வெளியே போய் என்ன வேண்டும் என்று கேட்டால், சும்மா வந்தேன் என்பார்கள். பிறகு போய்விடுவார்கள். பல வருஷம் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆம்பிளைக்கு ஆபீஸ் என்றால் கூச்சம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு முன்கோபம் அதிகம், நின்று யோசிக்கிற பழக்கம் குறைவு.

ஒரு வருஷம் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. குடும்ப உதவித் திட்டங்களில் அப்பாக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். அவர்களுக்கென்று தனியாகக் கூட்டம் போட்டு, பிள்ளை வளர்ப்பு பற்றிப் பேசி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தோவாளைப் பக்கம் ஒரு ஊரில் பஞ்சாயத்து ஹாலை வாங்கி, டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் சொல்லி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தேன். கூலி வேலைக்குப் போகிற ஆணை செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுகிற புத்தி எனக்குத்தான் வரும். இருந்தாலும் பதினோரு பேர் வந்தார்கள். எல்லாரும் வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. வருகைப் பதிவேட்டில் உறவுமுறை எழுதச் சொன்னபோதுதான் தெரிந்தது, அதில் எட்டுப் பேர் பிள்ளைகளின் தாய்மாமன்கள்.

எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. நாஞ்சில் நாட்டு வயல்காட்டு ஊர்களில் பிறந்தவர்களுக்கு இது ரத்தத்திலேயே உள்ள விஷயம். சொத்து அக்கா தங்கை பிள்ளைகளான மருமக்களுக்குப் போன காலம் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் பேச்சு இன்னும் மாமன் வாயில்தான் இருக்கிறது. என்னை எந்தக் காலேஜில் சேர்ப்பது, என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது, எல்லாம் என் மாமா முடிவு செய்ததுதான். அப்பா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஏதாவது கேட்டால் மாமன்கிட்ட கேட்டுக்கோ என்பார். மாமாமேல் எனக்கு உயிர். அப்பாவுக்கு அபிப்பிராயம் என்று ஒன்று இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஆகவே பதினோரு பேரையும் வரிசையாக நிறுத்தி, ‘தந்தையர் கூட்டம்’ என்று பேனர் பிடிக்கச் சொல்லி, போட்டோ எடுத்து அனுப்பினேன். பாராட்டிக் கடிதம்கூட வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கீரிப்பாறைக்கு மேலே ஒரு தனியார் ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு மனு வந்தது. அங்கே பால் வெட்டுகிற ஒருவரின் மனைவி காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டாள். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, ஒன்றாம் வகுப்பு. பிள்ளையை விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்று மனுவில் இருந்தது. மனு போட்டவர் இறந்துபோனவளின் அண்ணன். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர், கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு அவர்மேல் நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டது.

வடசேரியில் பஸ் ஏறி, தடிக்காரன்கோணம் தாண்டி, இறங்கவேண்டிய இடத்தில் இறங்கினேன். அவரே பைக்கோடு காத்துக்கொண்டு நின்றார். வழியெல்லாம் தங்கையைப் பற்றிப் பேசினார், இரண்டு தடவை வண்டியை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷன். இன்றைக்கும் அதை நான் மாற்றிச் சொல்லமாட்டேன். தன் வீட்டில் பிள்ளையை வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை, வீட்டுக்காரிக்கு மனமில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் அவர் இந்த விடுதி ஏற்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார். தோட்டத்து வீடு ஓட்டு வீடு, ஒரு அறை, ஒரு அடுக்களை. சுவரில் சந்தனமாலை போட்ட படம் புதிதாக இருந்தது. எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, அவர் எதிரே உட்கார்ந்து, நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். விடிவதற்கு முன்னே அப்பா பால் வெட்டப் போய்விடுகிறான், திரும்பிவர மதியம் ஆகிறது, அதுவரை பிள்ளை அனாதையாகக் கிடக்கிறது, ஒரு பெண்பிள்ளையை இந்தக் காட்டுக்குள் எப்படி விட்டுவைப்பது என்றார். நான் எழுதிக்கொண்டே போனேன்.

பாதியில் அப்பா வந்தார். வேலையிலிருந்து கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். ஒல்லியான ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும். வாசற்படிக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். மச்சான் பேசும்போது ஒரு வார்த்தை குறுக்கே சொல்லவில்லை. பிள்ளை கதவு மறைவில் நின்று எங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அந்த ஒரு விரல் கட்டம் பாக்கி இருந்தது. நான் தலையைத் தூக்கி, விடுதியில் சேர்க்கச் சம்மதம்தானே என்று அவரிடம் கேட்டேன்.

“மச்சான் சொல்லியாச்சுல்லா டீச்சர்” என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பெற்ற பிள்ளை விஷயம், அதில்கூட இந்த ஆளுக்கு ஒரு பேச்சு இல்லையே என்று நினைத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியில் பையை வைத்து, அந்தக் கட்டத்தில் எழுதினேன்: தந்தை குழந்தையைப் பராமரிப்பதில் ஆர்வம் காட்டவில்லை. பஸ் குலுங்கியதால் எழுத்துக் கோணலாகிவிட்டது, அழகாகத் திருப்பி எழுதினேன். குழந்தை எங்கே இருக்கவேண்டும் என்று முடிவு செய்ய மூன்று பேர் கொண்ட ஒரு குழு உண்டு. அவர்கள் ஒரு மாதத்துக்குள் உத்தரவு போட்டார்கள். பிள்ளை நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு விடுதிக்குப் போயிற்று. கோப்பை மூடி அலமாரியில் வைத்தேன்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து, அலுவலக வாசலில் பைக்குகளுக்கு நடுவில் அந்த ரப்பர் தோட்டத்து அப்பா நிற்பதைப் பார்த்தேன். முதல் நாள் யாரோ என்று விட்டுவிட்டேன். மறுநாளும் வந்து நின்றார், மூன்றாம் நாளும். மழை தூறிக்கொண்டிருந்தது, அவர் பாட்டுக்கு நனைந்துகொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், என்ன வேணும், வேணும்னா உள்ள வந்து சொல்லணும், இங்க நின்னா யாருக்குத் தெரியும் என்று சத்தம் போட்டேன். அவர் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உள்ளே இரண்டு முறுக்கும் ஒரு துண்டு முந்திரிக்கொத்தும் இருந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“வருஷ அடியந்திரம் முடிஞ்சு டீச்சர். அதுக்க பலகாரமாக்கும். இனி பிள்ளைய விட்டிருவியள்லா?”

ஒரு சாவு நடந்து வருஷம் திரும்பும்போது செய்கிற சடங்கு அது. பிள்ளையைக் கொண்டுபோன அன்றைக்கு மச்சான் அவரிடம், ஒரு வருஷம் கழியட்டும் என்று சொல்லியிருக்கிறார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில் சொன்னது அது. அவரோ துக்க வருஷம் முடிகிறவரைக்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரன் துக்கத்தில் ஒன்றைச் சொன்னால், அந்த வருஷம் திரும்புகிறவரை எதிர்ப்பேச்சுப் பேசக்கூடாது என்பது அவர் வீட்டு முறை. எங்கள் வீட்டு முறையும் அதுதான். இறந்தவளுடைய அண்ணன் முன்னால் அவர் வாய் திறக்காமல் நின்றது அக்கறையில்லாமல் அல்ல, செத்துப்போனவளுக்குக் கொடுத்த மரியாதை. அதே மண்ணில் பிறந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மெட்ராஸ்காரி ஒருத்தி வந்திருந்தால்கூட, விவரம் தெரியாமல் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருப்பாள்.

அவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காரவைத்தேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் அவரைக் குற்றம் சொல்கிற மாதிரி இருந்தது. அவர் கோபப்படவில்லை. “எங்கிட்ட நீங்க ஒண்ணும் கேக்கல்லியே. மச்சான்கிட்டதான எல்லாம் கேட்டிய. ஒடுக்கம் சம்மதமான்னு கேட்டிய. எழவு வீட்டுல நின்னு அவர எதுத்துச் சொல்லவா?” என்றார். நான் கோப்பை எடுத்துவந்து விரித்தேன். என் அழகான கையெழுத்து. அவருக்கு வாசிக்கத் தெரியும் என்பதால், மேலே ஒரு நோட்டை வைத்து மறைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மறுபடியும் போனேன். இந்தத் தடவை பிள்ளையின் மாமனுக்குச் சொல்லவில்லை. காலையிலேயே போய், அவர் வேலை செய்கிற மரங்களுக்கு நடுவில் கூடவே நடந்தேன். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் ஒரு அப்பாவை அவர் வேலை செய்கிற இடத்தில் போய்ப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மரத்தில் கோடு கீறி, பால் வடியச் சிரட்டை வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். எல்லா மரத்தையும் வெட்டி முடித்த பிறகு பால் வடிந்து நிறைய ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். அந்த நேரத்தில் வெட்டுக்காரருக்கு வேலை இல்லை. பெரும்பாலான ஆட்கள் கீழே கடைக்கு டீ குடிக்கப் போவார்கள். இவர் வீட்டுக்குப் போவாராம். பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, தோசை சுட்டுக் கொடுத்து, பள்ளிக்கூட ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பிறகு திரும்பி வந்து பால் எடுப்பாராம். மனைவி இருந்தபோதும் அப்படித்தான், அவள் போன பிறகும் அந்த ஒரு மாதம் அப்படித்தான். மதியம் வரை பிள்ளை அனாதையாகக் கிடந்ததாக நான் எழுதியிருந்தேன். நான் முதலில் போனது அவர் பால் எடுக்கும் நேரம். கையெல்லாம் பால் காய்ந்து பிசுபிசுவென்று ஒட்டியிருந்ததால்தான் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அதை நான் திமிர் என்று நினைத்தேன்.

வீட்டைக் காட்டினார். பின்பக்கம் புதிதாக ஒரு குளியலறை கட்டியிருந்தார். கல்லும் தகரக் கதவும், அவரே கட்டியதுதான், சுவர் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கதவுக்கு உள்ளே கொண்டி தாழ்வாக, என் இடுப்பு உயரத்தில் இருந்தது. பிள்ளைக்கு எட்ட வேண்டும் என்றார். பெண்பிள்ளை இருக்கிற வீடு என்று மச்சான் சொன்னது சரிதான், அதனால் அதை முதலில் செய்தேன் என்றார். வேலை செய்கிற மரங்களையும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பகுதிக்கு மாற்றி வாங்கியிருந்தார். அவர் வெட்டப் போகிற நேரத்தில் பிள்ளை அடுத்த வீட்டில் படுத்துக்கொள்ளலாம் என்று அந்த வீட்டுப் பெண்ணிடமும் சொல்லிவைத்திருந்தார். ஒவ்வொன்றாக எனக்குக் காட்டிவிட்டு, இன்னும் ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. அழவில்லை. படிவத்தை நிரப்பினேன்.

இதுவரை செய்தது தவறு. இதற்குப் பிறகு செய்ததுதான் அயோக்கியத்தனம்.

எங்கள் மேலாளர் என்னைவிட வயதில் சின்னவள், கெட்டிக்காரி. இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதலில் எழுதியது தப்பு என்று எழுதினால் என்னிடம் விளக்கம் கேட்பார்கள், இதுவரை நான் எழுதிய கோப்புகளையெல்லாம் தோண்டுவார்கள் என்றாள். “‘தந்தையின் மனநிலையில் மாற்றம் ஏற்பட்டுள்ளது’ன்னு எழுதுங்க அக்கா. அதுவும் நிக்கும், இதுவும் நிக்கும்” என்றாள். எனக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்ச வருஷம்தான் பாக்கி. மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே எழுதிவிட்டேன். அந்தப் பேனாவை யாரும் என் கையில் திணிக்கவில்லை.

குழு அதைப் படித்தது. மனநிலை மாறியிருப்பது நல்ல விஷயம், ஆனால் மறுபடியும் மாறாது என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டது. நியாயமான கேள்விதான், நான் எழுதியதை நம்பினால் வேறு என்ன கேட்பார்கள்? ஆறு மாதம் அப்பாவைக் கண்காணித்து அறிக்கை தரும்படி உத்தரவு வந்தது. கண்காணிக்க வேண்டியவள் நான். அவரிடம் போய்ச் சொன்னேன். “நான் என்ன மாறணும் டீச்சர்?” என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, இது ஒரு நடைமுறை என்றேன்.

அந்த ஆறு மாதமும் மாதாமாதம் போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் சட்டை மாற்றிக்கொண்டு காத்திருப்பார், அடுக்களைப் பாத்திரத்தையெல்லாம் விளக்கிக் கவிழ்த்து வைத்திருப்பார். நான் பார்த்து டிக் அடிப்பேன். விடுதியில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கவிடுவார்கள். பிள்ளை இப்போதெல்லாம் சரியாகப் பேசுவதில்லை, கொண்டுபோன பலகாரத்தை வாங்கி மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறது என்று ஒரு தடவை சொன்னார். வளர்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். அந்த நாட்களில் ஒரு தடவை என் அப்பாவிடம், என் விஷயத்தில் மாமாவைக் கேட்டுத்தானே எல்லாம் செய்தீர்கள், உங்களுக்கு வருத்தமாக இருந்ததா என்று கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், இப்ப எதுக்காக்கும் அதெல்லாம் என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கடைசி விசாரணை பெரிய பரீட்சை லீவு தொடங்குகிற சமயத்தில் நடந்தது. ஒரு நீள மேஜை, அந்தப் பக்கம் குழுவின் மூன்று பேர். இந்தப் பக்கம் நானும் மேலாளரும், பின்னால் சுவரோரம் அப்பாவும் மாமனும். பிள்ளையை விடுதியிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். எட்டு வயது ஆகப்போகிறது, வளர்ந்திருந்தாள். பேனுக்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். குழுத் தலைவி நல்ல பெண்மணி, பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்து, படிப்பெல்லாம் கேட்டுவிட்டு, அப்பாகூட வீட்டுக்குப் போறியா மக்கா என்று கேட்டார். இனி எல்லாம் முடிந்தது என்று பேனா மூடியைக்கூட மூடிவிட்டேன்.

“நான் ஹாஸ்டல்லயே இருந்துக்கிடுதேன்” என்றாள் பிள்ளை.

ஏன் என்று கேட்டார்கள். அங்கே யாராவது அப்படிச் சொல்லச் சொன்னார்களா என்று கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினாள். அவள் அப்பா பக்கம் திரும்பவே இல்லை. “அப்பாக்கு நான் வேண்டாம்லா” என்று சாதாரணமாகச் சொன்னாள். யார் சொன்னது என்று தலைவி கேட்டதற்கு, பேப்பரில் எழுதியிருக்கிறதாம் என்றாள். ஒரு நாள் சேட்டை செய்தபோது விடுதியில் யாரோ, உன் அப்பனுக்கே நீ வேண்டாம் என்று உன் கோப்பில் எழுதியிருக்கிறது என்று திட்டியிருக்கிறார்கள். அதன் பிறகுதான் அவள் பேச்சை நிறுத்தியிருக்கிறாள். சுவரோரம் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மாமன் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். தைரியம் வந்து எழுந்தேன் என்று சொல்லமாட்டேன். உட்கார முடியாததால் எழுந்தேன். “அதை எழுதினது நான். அப்பாகிட்ட நான் கேக்கவே இல்ல. மாமன்கிட்ட கேட்டுட்டு அப்பா பேரில எழுதினேன். அது தப்புன்னு தெரிஞ்சும் ரெண்டாவது ரிப்போர்ட்ல மறைச்சேன். இவர் அன்னைக்கும் மாறல, இன்னைக்கும் மாறல” என்றேன். மேலாளர் என் சேலை முந்தானையை மேஜைக்குக் கீழே பிடித்து இழுத்தாள். தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு எனக்கு வந்த மெமோ எவ்வளவோ மேல். அன்றைக்கே உத்தரவு போட்டார்கள். பிள்ளை அப்பாவோடு போகலாம், பள்ளிக்கூடமும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

என்மேல் விசாரணை வந்தது, வெளி வேலையிலிருந்து எடுத்து உள்ளே உட்காரவைத்தார்கள். அது எனக்கு வேண்டியதுதான். அதைப் பற்றி இங்கே புலம்பப் போவதில்லை. ஆனால் உத்தரவு கிடைத்த அன்றைக்கு, எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்பில், அவர்களை பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று நானும் கூடவே வடசேரிக்குப் போனேன். நான் தப்பை ஒத்துக்கொண்டுவிட்டேன், அதனால் பிள்ளை சிரிக்கும் என்று எனக்கு ஒரு எதிர்பார்ப்பு. மனுஷியின் மனசு அவ்வளவு மட்டம். மாமன் விடுதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸுக்குள் வைத்துவிட்டு, பிள்ளையின் அப்பா தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிள்ளை பஸ் படிக்குப் பக்கத்தில் நின்றாள், ஏறவில்லை. லீவு முடிஞ்சா என்னத் திரும்பக் கொண்டு விட்டிருவாவளா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“விடமாட்டேன் மக்கா. இனி ஒரு நாளும் விடமாட்டேன்” என்று அவர் சட்டென்று சொன்னார். யார் முகத்தையும் பார்க்காமல், யார் சொல்வதற்கும் காத்திராமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிள்ளை அவர் பக்கம் திரும்பவில்லை. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சொன்னது நிஜம்தான் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“அப்பம் அத பேப்பர்ல எழுதித் தாங்க டீச்சர்.”

அதெல்லாம் வேண்டாம் மக்கா, அப்பாதான் வாயால் சொல்லிவிட்டாரே என்றேன். அவள் அசையவில்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். நான் அவரைப் பார்த்தேன். எழுதிக் குடுங்க டீச்சர் என்று அவரும் மெதுவாகச் சொன்னார். பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு தாளைக் கிழித்து, பஸ் தகரத்தில் வைத்து எழுதினேன், உன் அப்பாவுக்கு நீ வேண்டும் என்று. அதை எழுதும்போது எனக்கு வந்த வெட்கம் என் ஜென்மத்தில் வந்ததில்லை. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தாள். கையெழுத்துப் போடவில்லையே என்று திரும்ப நீட்டினாள். போட்டுக் கொடுத்தேன். அதை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். அவர் பின்னால் ஏறினார்.